ஏழாம் தடத்திலிருந்து எட்டுக்கு

விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம்.
தற்காப்பு, பயிர்க்காப்பு, விளையாட்டு:
பொருந்தாததைக் கீறிவிடவும்.
இரண்டைக் கீறினேன்.
கச்சேரிக் கிளார்க் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"பிள்ளைக்கு வலைப்பந்து சரிவராதோ?"

அப்படித்தான் வந்து நிற்கிறேன்
உவர்மலை மண்டபத்தில், ஏழாம் தடத்தில்,
கடற்படைக்காரி ஒருத்தி கழித்துவிட்ட
கன்வஸ் ஜக்கெற்றுக்குள்.
தோளில் அவளுடைய தோள்,
முழங்கையில் அவளுடைய மடிப்பு.
குனிய விடாது. இரும விடாது.
ஆமைக்கு இப்படித்தான் இருக்கும்போல.

பத்து மீற்றர்.
அறுபது வெடி, தொண்ணூறு நிமிடம்,
அட்டைக்கு ஒன்று.
மின்னிலக்கெல்லாம் கொழும்பில்;
இங்கே கப்பி, கயிறு, சுற்றுகிற கைப்பிடி.
அரைக் கிராம் ஈயம், இடை ஒடுங்கி,
நகத்தில் நிற்கிற அளவு உடுக்கு.
வெடி என்று பெயர்தான்.
சோடாப் போத்தல் உடைத்த மாதிரி ஒரு சத்தம்,
வெளியே மதிலோரம் மேய்கிற புள்ளிமான்
தலை தூக்கவே இல்லை.

கச்சானைச் சொல்ல மறந்துவிட்டேன்.
ஜூலை மாதம்.
கன்னியாப் பக்கமிருந்து சூட்டோடு வந்து
மேல் யன்னலால் இறங்கி
அட்டைகளை ஆட்டிப் பார்க்கும்.
உடுப்புக் காயப்போடும் கிளிப் குத்தியிருந்தார்கள்,
பச்சை, மஞ்சள், ஒரு ரோஸ்.

எட்டு. ஒன்பது. ஒன்பது.
ஏழு (அது இருமல்).
மூச்சில் பாதியை விட்டு மீதியை வைத்திருக்க வேண்டும்.
இதயம் துப்பாக்கியை ஒரு மயிரிழை தூக்கும்,
பிறகு இறக்கும்.
நடுவில் ஓர் இடம் இருக்கிறது,
விரல் அங்கே போகவேண்டும்
தான் போவது தனக்கே தெரியாமல்.

நாற்பதாவது அப்படிப் போனது.
வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் புள்ளி,
எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.
விசை எப்போது விட்டது தெரியாது.
ஐந்து வருடத்தில் இப்படி ஒன்று விட்டதில்லை.
கைப்பிடியைச் சுற்றி அட்டையை வரவழைத்தேன்.

கறுப்பு கறுப்பாக இருந்தது.
வெள்ளை வெள்ளையாக.

எட்டாம் தடத்தில் கிண்ணியா நஸ்லிமா
தன் அட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.
இரண்டு ஓட்டை.
கையை உயர்த்தினாள்.
நானும் உயர்த்தினேன், அரை விநாடி பிந்தி.
அந்த அரை விநாடியை
யாரும் எங்கேயும் எழுதவில்லை.

மத்தியஸ்தர் லியனகே வந்தார்,
அளவுக்கூர், பூதக்கண்ணாடி, சட்டப் புத்தகம்.
ஒன்று எட்டு. மற்றது பத்து, உள்பத்து,
நடுப்புள்ளியையே காணோம்.
எது யாருடையது?
ஈயத்தில் பெயர் இல்லை.
தெரியாவிட்டால் கூடியது அட்டைக்காரிக்கு,
பிசகியவளுக்குப் பூச்சியம்.
எனக்குத் தெரியும். அவளுக்கும்.
சட்டத்துக்கு அது தேவைப்படவில்லை.

படிவம் எடுத்தார், மூன்று மொழியிலும் அச்சடித்தது.
தடம், நேரம், வெடி இலக்கம்,
சுட்டவர், பாதிக்கப்பட்டவர்.
இரண்டு பேரும் கையெழுத்து.

இந்த ஊரில்
பக்கத்துக்குப் பிசகிப் போன ஒன்றுக்காக
ஒருவர் கண்ணாடியோடு வந்து
குனிந்து பார்த்து, அளந்து,
நேரம் குறித்து,
சுட்டவரிடம் கையெழுத்து வாங்கியது
நான் அறிய இதுதான் முதல் தடவை.
பேனா நடுங்கியது.
ஜக்கெற் இறுக்கம் என்று சொன்னேன்.

இன்னும் இருபது வெடி கிடந்தது.
அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்.
எட்டாவது நஸ்லிமா, ஒரு புள்ளி வித்தியாசத்தில்.
முதல் ஆளாக வெளியே வந்து
கன்ரீனில் எனக்கும் சேர்த்து நன்னாரி வாங்கினாள்.
"ஒங்கட பத்து நல்லா ஒழச்சிச்சு."
"திருப்பித் தரவேணும்."
"தாறன். எந்தத் தடத்துக்கு?"
சிரித்தோம்; பிறகு இரண்டு பேரும்
கொஞ்ச நேரம் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றரை பஸ்ஸில் நீளப் பையைப் பார்த்துக்
கொண்டக்டர் கேட்டான்: "கீபோட்டா, தங்கச்சி?"
ஓம் என்றேன்.
வளைவில் கடல் வந்தபோது பாதிதான் தெரிந்தது.
இடக்கண் மறைப்பை இன்னும் கழற்றவில்லை.
தெரிந்தது வலப்பக்கம்,
எட்டாம் தடம் இருந்த பக்கம்.